எச்.ஐ.வி.யை அறியாத செல்கள்

அன்புள்ள ஐயா,

எலும்பு மஜ்ஜை மாற்றிய எச்.ஐ.வி. நோயாளிகளுக்கு, மஜ்ஜை தந்தவரின் நோயெதிர்ப்பு செல்களையும் தனியே ஏற்றிச் சோதிக்கிறார்கள் என்று படித்தேன். புது மஜ்ஜையோடு புது நோயெதிர்ப்பும் வந்துவிடுமே, மேற்கொண்டு எதற்கு இது? இனி மாத்திரை தேவையில்லை என்று ஆசை காட்டுகிறார்களா?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வரும், ஆனால் அதற்கு எச்.ஐ.வி.யை அடையாளம் தெரியாது. கொடையாளர் தொற்று இல்லாதவர். அவருடைய டி செல்கள், அதாவது தொற்றிய செல்களை அடையாளம் கண்டு கொல்லும் வெள்ளணுக்கள், அந்த வைரஸைச் சந்தித்ததே கிடையாது.

இதன் விளைவு பாஸ்டனில் தெரிந்தது. மஜ்ஜை மாற்றிக்கொண்ட இருவருக்கு எந்தப் பரிசோதனையிலும் வைரஸ் அகப்படவில்லை. 2013இல் மாத்திரையை நிறுத்திப் பார்த்தார்கள். ஒருவருக்கு 12 வாரத்தில், மற்றவருக்கு 32 வாரத்தில் வைரஸ் திரும்பியது. அதுவும், புதிதாகத் தொற்றியவர்களுக்கு வருகிற அதே அறிகுறிகளுடன்! பல ஆண்டுகள் வைரஸோடு வாழ்ந்த உடல்கள், ஆனால் உள்ளே இருந்த நோயெதிர்ப்பு நேற்று வந்தது.

பெர்லினில் 2007இல் மஜ்ஜை மாற்றிக்கொண்ட டிமோதி ரே பிரவுன் குணமானாரே என்பீர்கள். அவருடைய கொடையாளரின் செல்களில், வைரஸ் பற்றிக்கொண்டு நுழைய உதவும் சிசிஆர்5 புரதம் இல்லை. அப்படிப்பட்டவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினரிலேயே நூற்றுக்கு ஒருவர்தான். அவர்களுள் திசுப் பொருத்தமும் அமைவது குதிரைக்கொம்பு.

சாதாரணக் கொடையாளரின் செல்களைப் பழக்கித்தான் ஆக வேண்டும். மஜ்ஜை மாற்றியவர்களுக்குத் தொல்லை தரும் சைட்டோமெகலோ என்ற பரவலான வைரஸுக்கு இது எளிது. ஏற்கெனவே அந்தத் தொற்று கண்ட கொடையாளரின் பழகிய செல்களை எடுத்துப் பெருக்கினால் போதும், 1990களிலிருந்தே செய்கிறார்கள். எச்.ஐ.வி.க்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். கொடையாளரின் ரத்தத்திலிருந்து, கிருமியை டி செல்களுக்குக் காட்டிக்கொடுக்கும் டென்ட்ரிடிக் செல்களை உருவாக்கி, வைரஸ் புரதங்களின் துணுக்குகளை அவற்றின்மேல் ஏற்றி, டி செல்களோடு சேர்த்து வளர்க்கிறார்கள். உயிருள்ள வைரஸ் இதில் இல்லை. வாரக்கணக்கில் பெருகிய செல்கள் நோயாளியின் சொந்தத் திசுக்களைத் தாக்குமா என்று பார்ப்பது முக்கியம். கொடையாளர் செல்களின் பெரிய ஆபத்தே அதுதான். முதல் கட்டச் சோதனைகளும் குணத்தைவிடப் பாதுகாப்பையே முதலில் கேட்கின்றன.

இந்த வழி எனக்குச் சரியாகவே படுகிறது. ஆனால் யாருக்கு என்பதில் குழப்பம் கூடாது. மஜ்ஜை மாற்று உயிரையே பறிக்கக்கூடிய சிகிச்சை. ரத்தப் புற்றுநோய்க்காக எப்படியும் அதைச் செய்தாக வேண்டியவர்களுக்குத்தான் இந்தப் பேச்சு. மாத்திரையால் நலமாக இருப்பவர் அதைத் தொடரட்டும். நிறுத்திப் பார்ப்பதெல்லாம் ஆய்வுக்குள், மருத்துவர் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்கும் கண்காணிப்பில் நடக்க வேண்டிய காரியம்.