கொழுப்பைக் குறைக்கிற ஸ்டேட்டின் மாத்திரை போட்டும் கால்சியம் ஸ்கோர் (இதயக் குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை சிடி ஸ்கேனில் அளந்து சொல்கிற எண்) கூடியிருக்கிறது. அப்படியென்றால் மாத்திரை வேலை செய்யவில்லையா?

அப்பாவுக்கு 61 வயது, இரண்டு வருடமாக மாத்திரை, நெஞ்சு வலி எதுவும் இல்லை, ஆனால் ஸ்கோர் 210-லிருந்து 270 ஆகிவிட்டது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். நான் டாக்டர் இல்லை. இதே காரணத்துக்காக நிறுத்தி வாங்கிக் கட்டிக்கொண்டவன், அவ்வளவுதான்.

கோத்தகிரி பக்கம் எனக்கு இரண்டு ஏக்கர் தேயிலை. பச்சை இலை மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிற உடம்பு. 51 வயதில் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தபோது நார்மல் என்று வந்தது. அந்தக் காகிதத்தை நாலாக மடித்து பர்ஸில் வைத்துக்கொண்டு, யாராவது "கறியைக் கொஞ்சம் குறைங்க" என்றால் எடுத்துக் காட்டுவேன். ரத்தம் போகிற வழி நன்றாகச் சுருங்கியிருந்தால்தான் அந்த டெஸ்டில் பெரும்பாலும் தெரியும், குழாய்ச் சுவரில் கொழுப்பு படிந்திருந்தும் ஓட்டம் தடைபடவில்லை என்றால் நார்மல் என்றே வரும் என்பது அப்போது தெரியாது.

மச்சானுக்கு 49 வயதில் அட்டாக் வந்த பிறகு வீட்டுக்காரி விடவில்லை. கோயம்புத்தூரில் கால்சியம் ஸ்கோர் எடுத்தோம். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. கையை மேலே தூக்கிப் படுக்க வைத்து, மூச்சைப் பிடிக்கச் சொல்லி, பத்து நிமிடத்தில் எழுப்பி விட்டார்கள். ஸ்கோர் 386. நூறைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும், நானூறு என்றால் ரொம்ப அதிகம் என்றார் டாக்டர். ராத்திரிக்கு ஒரு அட்டோர்வாஸ்டாட்டின் எழுதினார், அதுவும் ஒரு ஸ்டேட்டின்தான். கெட்ட கொழுப்பு என்கிற எல்டிஎல் 148-லிருந்து 71-க்கு வந்தது. நானும் பெருமையாகத் திரிந்தேன்.

இரண்டு வருடம் கழித்து ஒரு ஹெல்த் செக்கப் ஆஃபர் வந்தது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மறுபடி எடுத்தேன். 451! உரம் போட்ட பிறகும் இலை குறைந்தால் உரத்தை நிறுத்துவோம் இல்லையா, அந்தக் கணக்கில் மாத்திரையை நிறுத்தினேன். ஐந்து வாரம். வீட்டுக்காரிக்குத் தெரியாமல் தினமும் அட்டையிலிருந்து ஒன்றைப் பிரித்து, தோட்டத்துக்குப் போகிற வழியில் ஓடையில் போட்டேன். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ரிப்போர்ட்டோடு சண்டை போடுகிற மாதிரிதான் டாக்டரிடம் போனேன். "ஏனுங்க, இதை யார் மறுபடி எடுக்கச் சொன்னது?" என்றவர், காகிதத்தின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினார். அகாட்ஸ்டன் என்ற அமெரிக்க டாக்டரும் அவரோடு இருந்தவர்களும் 1990-ல் கொண்டுவந்த முறை இது. (பின்னால் டயட் புத்தகம் எழுதிப் பேர் வாங்கியவரும் இதே ஆள்தான்.) ஒவ்வொரு சுண்ணாம்புத் திட்டின் பரப்பையும் அது எவ்வளவு அடர்த்தி என்பதற்கான 1 முதல் 4 வரையிலான மார்க்கால் பெருக்கிக் கூட்டுகிறார்கள். ஸ்டேட்டின் கொழுப்பை வற்றவைத்து, பிஞ்சு போல இருக்கிற திட்டைக் கெட்டியாக்குகிறது. கெட்டியானால் மார்க் கூடும், ஸ்கோரும் ஏறும். ஆனால் வெடித்து அட்டாக் கொண்டுவருவது பெரும்பாலும் அந்தப் பிஞ்சுதான். அமெரிக்காவில் ஆறாயிரத்து எண்ணூறு பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்த மெசா ஆய்விலும், சுண்ணாம்பின் கன அளவு ஒன்றாக இருக்கும்போது அடர்த்தி கூடியவர்களுக்கே ஆபத்து குறைவு என்று 2014-ல் வெளியிட்டார்கள்.

உடனே "ஸ்கோர் ஏறினால் நல்லது என்கிறான்" என்று கமெண்டில் கிளம்பிவிடாதீர்கள். அப்படிச் சொல்லவில்லை. மாத்திரை போடாதவருக்கு ஏறினால் அது வேறு கதை. முதல் தடவை வருகிற எண்ணுக்கு மதிப்பு உண்டு, எண் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும். மாத்திரை ஆரம்பித்த பிறகு அதே எண்ணை வைத்து மாத்திரைக்கு மார்க் போட முடியாது என்பது மட்டும்தான் என் பேச்சு. "மெசாவில் நம்ம ஊர்க்காரர்களே இல்லையே" என்று ஒருவர் முன்பு கேட்டார். இல்லைதான், நியாயமான கேள்வி.

"ஸ்கேன் எல்லாம் பணம் பிடுங்கும் வேலை" என்பவர்களுக்கும் ஒன்று. ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலியோடு வந்த 4,146 பேரில் பாதிப்பேருக்கு வழக்கமான பரிசோதனையோடு, ஊசியில் மருந்து ஏற்றி இதயக் குழாயைப் படம் பிடிக்கிற சிடி ஆஞ்சியோவும் எடுத்தார்கள். ஐந்து வருடத்தில் மாரடைப்பும் இதயக் குழாய் நோயால் வந்த சாவும் ஸ்கேன் எடுத்தவர்களில் 2.3 சதவீதம், எடுக்காதவர்களில் 3.9. ஸ்டென்ட் வைத்த கணக்கு இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். படத்தைப் பார்த்து மாத்திரை ஆரம்பித்தவர்கள் அதிகம், அதுதான் வித்தியாசம்.

மலையில் இருப்பவனுக்கு ஸ்கேனை விடக் கொடுமை திரும்பி வருகிற வழி. நான் இரண்டாவது ஸ்கேன் எடுத்துத் திரும்பியது மே மாதச் சனிக்கிழமை. சீசனில் ஊட்டி போகிற வண்டியெல்லாம் குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும் என்று ஒருவழிப்பாதை போடுவார்கள். என் கார் செகண்ட்ஹேண்டில் வாங்கியது, டிஎன் 38. கோயம்புத்தூர் நம்பரைப் பார்த்ததும் டூரிஸ்ட் என்று நினைத்து, மேட்டுப்பாளையத்தில் நின்ற போலீஸ்காரர் என்னைக் குன்னூர் பக்கம் திருப்பிவிட்டார். 33 கிலோமீட்டரில் இருக்கிற வீட்டுக்குப் பர்லியாறு, குன்னூர் எல்லாம் சுற்றி நாலு மணி நேரம். "நெஞ்சில் 451 இருக்கிறது, விடுங்கள்" என்று அவரிடம் சொல்லவா முடியும்? இலைக்குக் கட்டுபடியான விலை கேட்டால் ஆள் கிடையாது, நாங்கள் வீட்டுக்குப் போகிற ரோட்டை அடைக்க மட்டும் ஆள் உண்டு.

சரி, உங்கள் விஷயம். மேடு ஏறும்போது அப்பாவுக்கு நெஞ்சு இறுகினால் ஸ்கோரை எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போங்கள். மற்றபடி எல்டிஎல், பிபி, சுகர் எல்லாம் இப்போது எவ்வளவு? அதைக் கேள்வியில் போடவே இல்லையே.