காலனியப் புலமை பேரரசின் நோக்கங்களுக்கு எவ்வாறு பயன்பட்டது?

காலனியப் புலமை என்பது, ஒரு நாட்டை ஆள வந்தவர்கள் அதன் நிலம், மொழி, சட்டம், மக்கள் ஆகியவை பற்றித் திரட்டிய அறிவு. அறியாத நிலத்தில் படை நடத்தவோ வரி வாங்கவோ முடியாது என்பதே அதன் அடிப்படைக் காரணம். ஒரு வீட்டைக் கைப்பற்ற வந்தவர், அதன் அறைகளையும் சாவிகளையும் குடும்பத்தாரின் பிணக்குகளையும் குறித்துக்கொள்வதைப் போன்றது இது.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்ததும், கிழக்கிந்தியக் கம்பெனி மைசூரை அளக்கும் பணியைக் காலின் மெக்கன்சியிடம் ஒப்படைத்தது. 1802இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே அடிக்கோடு எனும் தொடக்கக் கோட்டை அளந்து தொடங்கிய முக்கோண அளவை (நிலத்தை முக்கோணங்களாகப் பிரித்துக் கோணங்களைக் கொண்டு தூரங்களைக் கணக்கிடும் முறை), புவியின் வடிவத்தை ஆராய்ந்த அறிவியலாகவும், ஆட்சிக்கும் படைக்கும் வேண்டிய வரைபடங்களின் அடித்தளமாகவும் ஒருசேர விளங்கியது. பின்னர் 1860களில் அதே அளவைப் பணியினர், நயின் சிங் போன்ற இந்திய அளவையாளர்களை மாறுவேடத்தில் திபெத்துக்கு அனுப்பி, தூரத்தை அளக்க ஜெபமாலை மணிகளைக் கொண்டு காலடிகளை எண்ணச் செய்தனர். ஆராய்ச்சியும் உளவும் ஒன்றாகவே நடந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

மொழியறிவும் இவ்வாறே பயன்பட்டது. ஆசியாவைப் பற்றிய ஆய்வுக்காக 1784இல் ஆசியக் கழகத்தை நிறுவிய வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தா உச்ச நீதிமன்ற நீதிபதி. இந்துச் சட்டத்தை விளக்கிய பண்டிதர்களைச் சாராமல் தீர்ப்பளிக்க விரும்பியது அவர் சமஸ்கிருதம் கற்றதற்கு ஒரு காரணம். மக்களை வகைப்படுத்தும் போக்கோ கொடியதாயிற்று: 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் முழுச் சமூகங்களையே குற்றவாளிகளாகக் கருதியது.

அந்த அறிஞர்கள் அனைவரும் ஒற்றர்கள், அவர்கள் எழுதியவை யாவும் பொய் என்று சிலர் கருதுவது தவறு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து பிறக்காத தனி மொழிக் குடும்பம் என்று 1816இல் கம்பெனி அதிகாரி எல்லிஸ் வெளியிட்ட கருத்து இன்றும் நிலைத்து நிற்கிறது.