கை கூடிவிட்டது, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியவில்லை: இழப்பீடு கிடைக்குமா?

கேள்வி: வக்கீல் சார், எனக்கு ஊர் காவேரிப்பட்டணம். சொந்த பிக்கப்பில் மாங்காய் லோடு ஓட்டி வந்தேன். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி பின்னால் மோதி, பக்கத்தில் இருந்த பையன் இறந்துவிட்டான். எனக்கு இடது கை முறிவு, இப்போது கூடிவிட்டது. ஆனால் ஐந்து மாதமாக ஏர் ஹாரன் கேட்டாலே வேர்த்துக் கொட்டுகிறது, தூக்கமில்லை, ஸ்டியரிங்கைத் தொட்டால் நடுங்குகிறது. லாரியின் இன்சூரன்ஸ் தரப்பு, ‘கைதான் சரியாகிவிட்டதே’ என்று சின்னத் தொகை பேசுகிறது. முன்பு தம்பி இறந்தபோது மனநல மாத்திரை சாப்பிட்டிருக்கிறேன். அதைச் சொன்னால் கேஸ் போய்விடுமா?

பதில்: போகாது. மறைத்து, குறுக்கு விசாரணையில் அகப்பட்டால்தான் சிக்கல்.

முதலில் தேதியைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, மோட்டார் வாகனச் சட்டம் 166-ஆம் பிரிவின்படியான இழப்பீட்டு மனுவை விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். விபத்து தருமபுரி மாவட்டத்தில் என்றாலும், குடியிருப்பை வைத்துக் கிருஷ்ணகிரி தீர்ப்பாயத்திலேயே போடலாம். எல்லாச் சான்றும் சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். மனப் பாதிப்பையும் மனுவில் தெளிவாக எழுதிவிட்டால், ஆவணங்களைப் பிறகு தாக்கல் செய்துகொள்ளலாம்.

அப்புறம் டாக்டர். எலும்பு டாக்டர் எலும்பைத்தான் எழுதுவார். உங்கள் ஏ.ஆர். காப்பியையும் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்துப் பாருங்கள். தூக்கம், பயம் பற்றி ஒரு வரி இருக்காது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டுவது அந்தக் காகிதத்தைத்தான். அதனால் தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இந்த வாரமே போய், ஓ.பி. சீட்டு முதல் மாத்திரைச் சீட்டு வரை பத்திரப்படுத்துங்கள். அவசரத்துக்குப் பேச 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் இருக்கிறது. விபத்துக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்று சொல்ல, அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஐந்து மாதம்.

‘சின்ன முறிவுக்கு இவ்வளவு மனநோயா?’ என்று கட்டாயம் கேட்பார்கள். காயத்தின் அளவை மட்டும் வைத்து இந்த நோயைக் கணிக்க முடியாது. செத்துவிடுவோம் என்று அடிபட்டவர் அந்த நேரத்தில் எவ்வளவு நம்பினார், கண்ணெதிரே யாராவது இறந்தார்களா, வலி நீடிக்கிறதா, வீட்டில் தாங்க ஆள் உண்டா, முன்பு மனப் பாதிப்பு இருந்ததா என்பவை பெரிதும் முடிவு செய்கின்றன. உங்கள் பழைய சிகிச்சையும் அதில் ஒன்று; அது நோய் வரும் வாய்ப்பைக் கூட்டியிருக்கலாம், அதற்காக லாரிக்காரரின் பொறுப்பு போய்விடாது. அடிபட்டவர் எந்த நிலையில் இருந்தாரோ அந்த நிலையிலேயே அவரை ஏற்க வேண்டும் என்பது இழப்பீட்டுச் சட்டத்தின் பழைய கோட்பாடு. பழைய மாத்திரையை நிறுத்தியபின் விபத்து வரை ஒழுங்காக வண்டி ஓட்டினீர்களா? அதற்கு லோடு ரசீதுகள், மண்டிக்காரர் சாட்சியம் இருந்தால் எடுத்து வையுங்கள்.

ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்ச நீதிமன்றம், ஊனச் சதவீதத்தை அப்படியே வருமான இழப்பாக எடுக்கக் கூடாது, அவரவர் தொழிலை வைத்துப் பார்க்க வேண்டும் என்றது. இடது கையை இழந்தால் குமாஸ்தாவுக்கு ஒரு கணக்கு, டிரைவருக்கு வேறு கணக்கு என்று அதில் உதாரணமே இருக்கிறது. உங்கள் வக்கீல் இதில்தான் ஊன்ற வேண்டும். ஆனால் டாக்டர் தரும் சான்று மட்டும் போதாது, மனநல டாக்டரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். சிகிச்சையில் தேறக்கூடிய நோய் என்பதால், நிரந்தர ஊனமாக ஏற்க வைப்பது கஷ்டம். சிகிச்சைச் செலவு, ஓட்டாமல் இருந்த காலத்து வருமானம், வலி வேதனைக்கான தொகை ஆகியவற்றை வலுவாகக் கேளுங்கள்.

மனப் பாதிப்புக்கும் சேர்த்துத் தொகை பேசும்வரை லோக் அதாலத்தில் (சமரசம் பேசி முடிக்கும் மக்கள் நீதிமன்றம்) ‘முழுத் தீர்வு’ என்று கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தீர்வுக்கு மேல்முறையீடு கிடையாது. வக்கீல் கட்டணம் தடையென்றால், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வருமானச் சான்றோடு விண்ணப்பியுங்கள்.