கலிபோர்னியாவில் வீட்டுக்கடன் தவணை தவறியவருக்கு

வணக்கம். நான்கு மாதத் தவணை பாக்கி, தபாலில் நோட்டீஸ், அடுத்த வாரமே வீடு ஏலத்துக்குப் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாது. வந்திருப்பது தவணை தவறியதற்கான அறிவிப்பு. அது பதிவான நாளிலிருந்து மூன்று மாதமும் 20 நாளும் கழியாமல் கலிபோர்னியாவில் ஏலம் நடத்த முடியாது. ஏலத்துக்கு ஐந்து வேலைநாள் முன்புவரை பாக்கியையும் செலவுத்தொகையையும் மட்டும் கட்டிக் கடனைப் பழையபடி தொடரலாம்.

கடன் நிபந்தனைகளை மாற்றித் தரக் கேட்கும் உங்கள் கடன் சீரமைப்பு விண்ணப்பம்தான் இப்போது உயிர்நாடி. நீங்களே குடியிருக்கும் வீடு, முதல் அடமானம் என்பதால், 2013-இல் நடைமுறைக்கு வந்த வீட்டு உரிமையாளர் உரிமைச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கும்போது ஏல வேலையை நகர்த்தக் கூடாது என்கிறது அது. ஆனால் விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும். ஊதியச் சீட்டில் ஒரு பக்கம் விடுபட்டாலும் இந்தப் பாதுகாப்பு கைக்கு வராது. என்ன குறைகிறது என்று கடன் நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். அனுப்பியதற்கு அத்தாட்சி வையுங்கள். உங்கள் கோப்பைக் கவனிக்க ஒரே பொறுப்பாளரைக் கேட்டு வாங்குங்கள். விண்ணப்பத்தை மறுத்தால், மேல்முறையீட்டுக்கு 30 நாள் உண்டு.

கடனைச் சீரமைத்துத் தருவதாகச் சொல்லி உங்களிடம் 3,000 டாலர் முன்பணம் கேட்கும் அந்த ஆளுக்குத் தயவுசெய்து ஒரு காசும் கொடுக்காதீர்கள். கடன் சீரமைப்புக்கு முன்பணம் வாங்குவதே அங்கே சட்டவிரோதம், வழக்கறிஞரானாலும். அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறை அங்கீகரித்த ஆலோசகர்கள் இதே வேலையை இலவசமாகச் செய்கிறார்கள். நாளைக் காலையே அவர்களை அழையுங்கள்.