ஜாஸ் கலைஞர்களும் இரவு மேடைகளும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

இரண்டு ஆண்டுகளாக ஜாஸ் கேட்டுவருகிறேன், எல்லாம் கைபேசியில்தான். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன், பியானோ கலைஞர்கள் பில் எவன்ஸ், தெலோனியஸ் மங்க் ஆகிய மூவரையும் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வரும் செப்டம்பரிலிருந்து மூன்று மாதங்கள் அலுவலக வேலையாக நியூ ஜெர்சியில் தங்கவிருக்கிறேன். நியூயார்க் ரயிலில் போய்வரும் தொலைவுதான். ஆனால் எனக்குப் பிடித்த மூவரும் இன்று இல்லை. கிளப்புகளின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பார்த்தால் பெரும்பாலும் நான் கேள்விப்படாத பெயர்களாக இருக்கின்றன. எதை வைத்து ஒரு நிகழ்ச்சியைத் தேர்ந்தெடுப்பது?

இன்னொரு கேள்வியும் உண்டு. இந்தக் கலைஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைப் படித்தால் போதைமருந்து, சிறை, வறுமை, இளவயது மரணம் என்றே போகிறது. இதைத் தொழில்வாழ்க்கை என்று சொல்ல முடியுமா? மேதைமைக்கு அவர்கள் கொடுத்த விலை என்றுதான் கொள்ள வேண்டுமா?

கே., கோயம்புத்தூர்

அன்புள்ள கே.,

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். முதல் கேள்விக்கான விடையும் அதற்குள்தான் இருக்கிறது.

மேதைமைக்குக் கொடுத்த விலை என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. மனிதர்கள் செய்ததை அது விதியின் தலையில் கட்டிவிடுகிறது. 1940 முதல் 1967 வரை நியூயார்க்கில் மது விற்கும் இரவு கிளப் எதில் வேலை பார்ப்பதென்றாலும், வாசிப்பவராக இருந்தாலும் பரிமாறுபவராக இருந்தாலும், காவல்துறையிடம் கைரேகை பதித்து ஓர் அனுமதி அட்டை வாங்கியாக வேண்டும். ‘கேபரே கார்டு’ என்பது அதன் பெயர். போதைமருந்து வழக்கில் சிக்கியவருக்கு அந்த அட்டை மறுக்கப்படும், கையில் இருந்தால் பறிக்கப்படும். பாடகி பில்லி ஹாலிடே 1948 மார்ச்சில் சிறையிலிருந்து வெளிவந்து இரண்டு வாரங்களுக்குள் கார்னகி ஹாலில் பாடினார். அரங்கு நிரம்பி வழிந்தது. ஆனால் அதே நகரத்தில் ஒரு சிறிய கிளப்பில் பாட அவருக்கு உரிமை இல்லை, ஏனென்றால் கச்சேரி அரங்குக்கு அட்டை தேவையில்லை, மது விற்கும் இடத்துக்குத் தேவை. கார்னகி ஹால் எப்போதோ ஒருமுறை கிடைப்பது. கிளப்போ வாரத்தில் ஆறு இரவுகள். அடுப்பு எரிந்தது கிளப் வருமானத்தில்தான்.

உங்களுக்குப் பிடித்த மங்க்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1951 ஆகஸ்டில் அவரும் பியானோ கலைஞர் பட் பவலும் இருந்த காரில் காவலர்கள் போதைமருந்தைக் கண்டெடுத்தார்கள். மங்க் நண்பரைக் காட்டிக்கொடுக்க மறுத்துச் சிறை சென்றார்; அட்டையும் போயிற்று. அப்போது அவருக்கு வயது 33. அடுத்த ஆறு ஆண்டுகள் மன்ஹாட்டன் கிளப்புகள் அவருக்கு மூடிக்கிடந்தன. மனைவி நெல்லி வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். இதில் கவனிக்க வேண்டியது, அந்த ஆறு ஆண்டுகளிலும் அவருடைய இசைத்தட்டுகள் வந்துகொண்டுதான் இருந்தன என்பது. முதலில் பிரஸ்டீஜ், 1955 முதல் ரிவர்சைட் என்று நிறுவனங்கள் அவரைப் பதிவுசெய்தன. ஆகவே கைபேசியில் வரிசையாகக் கேட்டுவரும் உங்களுக்கு அங்கே ஓர் இடைவெளி இருப்பதே தெரியாது. ஜாஸ் கலைஞரின் வாழ்க்கையை இசைத்தட்டுகளை வைத்து மட்டும் கணக்கிட்டால், அவர் எந்த ஆண்டில் வேலையின்றி வீட்டில் இருந்தார் என்பது கணக்கில் வராமலே போய்விடும்.

1957இல் அட்டை திரும்பக் கிடைத்தது. அந்த ஜூலையில் மங்க் கூப்பர் சதுக்கத்தில் இருந்த ‘ஃபைவ் ஸ்பாட்’ என்னும் சிறிய கிளப்பில் வாசிக்கத் தொடங்கினார். ஆண்டு முடியும்வரை அங்கேயே வாசித்தார். ஓவியர்களும் கவிஞர்களும் கூடும் இடம் அது. அவருடன் சாக்ஸபோன் வாசித்தவர் கோல்ட்ரேன். ஹெராயின் பழக்கத்தால் அந்த வசந்தத்தில்தான் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் குழுவிலிருந்து நீக்கியிருந்தார். கோல்ட்ரேன் பழக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். மங்க் ஒரு பாடலின் முதல் பகுதியை வாசித்துவிட்டுப் பியானோவை விட்டு எழுந்து, மேடையோரத்தில் தமக்குத்தாமே ஆடத் தொடங்கிவிடுவார். டபுள் பேஸ் என்னும் பெரிய தந்தி வாத்தியமும் டிரம்ஸும் மட்டும் பின்னால் ஒலிக்க, பியானோவின் துணையின்றி முழுப் பாடலின் சுர அடுக்குகளையும் கோல்ட்ரேன் தனியாளாகச் சுமக்க வேண்டும். ஓர் இரவு அல்ல, ஏறத்தாழ ஆறு மாதம். அவ்விருவரும் அந்த நவம்பர் 29 அன்று கார்னகி ஹாலில் வாசித்ததன் ஒலிநாடா அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடந்து 2005இல்தான் வெளிப்பட்டது. 1956இல் மைல்ஸ் குழுவில் கோல்ட்ரேன் வாசித்ததையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். ஒரே ஆண்டு இடைவெளியில் இவ்வளவு மாற்றத்தை எந்த இசைக்கல்லூரியும் உண்டாக்கியிருக்க முடியாது என்பது என் எண்ணம். மங்க்கின் படம் ‘டைம்’ இதழின் அட்டையில் வந்தது 1964 பிப்ரவரியில், அவருடைய 46ஆம் வயதில். அவருடைய இசை அந்த இடைப்பட்ட காலத்தில் எளிமையாகிவிடவில்லை. மேடை திறந்திருந்தது, அவ்வளவுதான்.

இனி உங்கள் முதல் கேள்வி. பட்டியலில் தடித்த எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மூன்று நான்கு பெயர்களைப் படியுங்கள். நம் கச்சேரியில் பக்கவாத்தியக்காரர் பெரும்பாலும் கடைசிவரை பக்கவாத்தியக்காரராகவே இருப்பார். ஜாஸில் அப்படியல்ல. அங்கே பக்கத்தில் வாசிப்பதுதான் பயிற்சிக்காலம். இன்று ஒருவருக்குப் பின்னால் இருப்பவர் நாளை தம் பெயரில் குழு நடத்துவார், மறுவாரம் வேறொருவருக்குப் பின்னால் போய் நிற்பதையும் குறைவாக நினைக்க மாட்டார். கோல்ட்ரேன் டிஸி கில்லெஸ்பியிடமும் ஜானி ஹாட்ஜஸிடமும் மைல்ஸிடமும் மங்க்கிடமும் வாசித்து, மீண்டும் மைல்ஸிடம் போய், 1960இல்தான் தம் குழுவை நிலையாக அமைத்தார். டிரம்ஸ் கலைஞர் ஆர்ட் பிளேக்கி 1990இல் இறக்கும்வரை நடத்திய ‘ஜாஸ் மெசஞ்சர்ஸ்’ குழு இளைஞர்களைச் சேர்த்துத் தலைவர்களாக்கி வெளியே அனுப்புவதையே வழக்கமாகக் கொண்டிருந்தது. லீ மார்கன், வேய்ன் ஷார்ட்டர் முதல் வின்டன் மார்சாலிஸ் வரை அதன் வழியாக வந்தவர்கள் பலர்.

இந்தத் தொடர்ச்சி உங்கள் காலம்வரை வருகிறது. தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரின் பெயரைப் பட்டியல்களில் பார்க்க வாய்ப்புண்டு. அவரும் ஸ்டீவ் கோல்மன், ராஸ்கோ மிட்செல் ஆகியோரின் குழுக்களில் வாசித்து வந்தவர்தான். 2014 முதல் ஹார்வர்டில் பேராசிரியர். அவருடைய முன்னைய மூவர் குழுவில் டிரம்ஸ் வாசித்த மார்கஸ் கில்மோர், சார்லி பார்க்கரிடமும் மங்க்கிடமும் வாசித்த ராய் ஹேய்ன்ஸின் பேரன். பிந்தைய மூவர் குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் டைஷான் சோரி, 2024இல் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்ற இசையமைப்பாளர். அந்தப் பரிசு பெற்றவருடைய பெயர்தான் பட்டியலில் சிறிய எழுத்தில் இருக்கும்.

பிழைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அனுமதி அட்டை ஒழிந்தது, ஆனால் ஆறு மாதம் ஒரே மேடை என்பதும் சேர்ந்து ஒழிந்தது. இன்று ஒரு வாரம் கிடைத்தாலே பெரிது. கிளப் வருமானத்தை மட்டும் நம்பி வாழ்பவர் சிலரே. கற்பித்தலும், கோடையில் மோன்ட்ரூ, ராட்டர்டாம் போன்ற ஐரோப்பிய ஊர்களின் விழாக்களும் கைகொடுக்கின்றன. அந்த விழாக்கள் ஜூலையிலேயே முடிந்துவிடுவதால் நீங்கள் போகும் செப்டம்பரில் கலைஞர்கள் பலரும் நியூயார்க் திரும்பியிருப்பார்கள். நல்ல காலத்தில்தான் போகிறீர்கள்.

முதலில் ‘வில்லேஜ் வேன்கார்ட்’ போங்கள். ஏழாவது அவென்யூவில், 1935 முதல் இருக்கும் நிலவறை அது. செங்குத்தான படிகளில் இறங்கினால் ஆப்பு வடிவத்தில் ஓர் அறை, 123 பேருக்கு இடம். சமையலறையே கலைஞர்கள் ஓய்வெடுக்கும் அறை, உணவு மட்டும் அங்கே கிடையாது. வழக்கமாகச் செவ்வாய் முதல் ஞாயிறு வரை ஒரே குழு, இரவுக்கு இரண்டு செட், அதாவது இரண்டு கச்சேரி. கையில் காசிருந்தால் ஒரே குழுவைச் செவ்வாயன்றும் ஞாயிறன்றும் கேளுங்கள். செவ்வாயன்று தாளைப் பார்த்து வாசித்த பாடல் ஞாயிறன்று வேறாக இருக்கும். நீங்கள் விரும்பிக் கேட்கும் பில் எவன்ஸின் வேன்கார்ட் பதிவும் 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை, அந்த ஒப்பந்தத்தின் கடைசி நாளில் எடுத்ததுதான். கண்ணாடிக் குவளைகளின் ஒலியும் பேச்சுக்குரலும் அதில் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லஃபாரோ பதினொரு நாட்களில் கார் விபத்தில் இறந்தார், வயது 25. எனவே எவன்ஸின் அந்த மூவர் குழுவின் முதிர்ந்த வாசிப்பாக நமக்குக் கிடைத்தது அந்த ஒரு ஞாயிறுதான்.

திங்கட்கிழமை அங்கே பதினாறு பேர் கொண்ட பெரிய குழு வாசிக்கும். 1966 பிப்ரவரியில் தாட் ஜோன்ஸும் மெல் லூயிஸும் தொடங்கியது. ஒலிப்பதிவுக் கூடங்களில் பிழைத்துக்கொண்டிருந்த கலைஞர்களுக்குத் திங்கள் இரவு ஓய்வு என்பதால் அமைந்த நாள் அது. தலைவர்கள் இருவரும் மறைந்த பின்னும் நாள் மாறவில்லை. இளைஞர்களைக் கேட்க வேண்டுமானால் மேற்குப் பத்தாம் தெருவில் உள்ள ‘ஸ்மால்ஸ்’ கிளப்புக்கு நள்ளிரவை ஒட்டிப் போங்கள். புகழ்பெற்றவர்களுக்காக ‘ப்ளூ நோட்’ போகலாம், ஆனால் எனக்கு அது மூன்றாவது இடம்தான்.

தனி வாசிப்பு முடிந்ததும் பாடலின் நடுவிலேயே கைதட்டுவது அங்கே வழக்கம், தயங்க வேண்டாம். ஒரு பெயரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ரான் கார்ட்டர். 1937இல் பிறந்தவர், 1963 முதல் 1968 வரை மைல்ஸ் டேவிஸின் குழுவில் டபுள் பேஸ் வாசித்தவர். 2,221 பதிவுகளில் வாசித்தவர் என்று 2015இல் கின்னஸ் அவரைப் பதிவுசெய்தது. அவற்றில் பெரும்பாலானவை பிறர் பெயரில் வந்தவை. எண்பது வயதைக் கடந்த பின்னும் மேடையேறிவந்தவர். உங்கள் மூன்று மாதப் பட்டியலில் அவர் பெயர் எந்த மூலையில் இருந்தாலும், குழுத் தலைவர் யாரென்று பார்க்காமல் சீட்டு எடுத்துவிடுங்கள்.