வாசகர் கேள்வி – பதில்: நடைபாதையே வீடாக

கேள்வி: சென்னை பாரிமுனைப் பகுதியில் என் அலுவலகம் உள்ளது. என்.எஸ்.சி. போஸ் சாலை நடைபாதையில் குடும்பம் குடும்பமாக மக்கள் வசிப்பதைத் தினமும் பார்க்கிறேன். சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கித் தருவதைத் தவிர என்ன செய்யலாம்? அதெல்லாம் அரசாங்கத்தின் பொறுப்பு என்கிறார் என் கணவர்.
– வாசகி, பெரம்பூர்

பதில்: அரசுக்குப் பொறுப்பு உண்டு என்பதில் ஐயமில்லை. நகரங்களில் ஒரு லட்சம் பேருக்கு வீடற்றோருக்கான ஒரு காப்பகமாவது இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் திட்டமான தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் விதித்திருந்தது. சென்னையில் மாநகராட்சியும் தொண்டு நிறுவனங்களோடு சேர்ந்து காப்பகங்களை நடத்துகிறது. ஆனால் நீங்கள் பார்க்கும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக அங்கேயே இருந்து, சுமை தூக்கியும் பூக்கட்டியும் மீன்பாடி வண்டி ஓட்டியும் பிழைப்பவை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியே உள்ள காப்பகங்களுக்குக் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போக அவர்கள் தயங்குவது நியாயமே.

அம்மா உணவகத்தில் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம் கிடைக்கும் ஊரில், சோற்றைவிட அவர்களுக்கு எட்டாமல் இருப்பது முகவரிதான். வீடில்லாதவர்களும் படிவம் 6 கொடுத்து வாக்காளர் பட்டியலில் சேரலாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து, விண்ணப்பித்தவர் அங்கேதான் உறங்குகிறார் என்று உறுதி செய்துகொண்டால் முகவரிச் சான்று தேவையில்லை. இது பலருக்குத் தெரியாது. அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அலுவலகம் வரை உடன் செல்ல உங்களைப் போல் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் போதும். அதேபோல், பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். ஜூன் மாதத்தில் ஒரு தாயோடு மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்து செல்வது பெரிய உதவி.

பொருளாகக் கொடுக்க விரும்பினால், என்ன வேண்டும் என்று முதலில் அவர்களையே கேளுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடைக் கதவோரம் கட்டிய தார்ப்பாய் கிழிந்து, பாயும் துணியும் நனைந்து, ஆதாரும் ரேஷன் அட்டையும் எழுத்தழிந்து போகும். நல்ல தார்ப்பாயும் அட்டைகளை வைக்கத் தண்ணீர் புகாத ஓர் உறையும் அந்த நேரத்தில் பத்துப் பொட்டலங்களுக்கு மேல். கட்டணக் கழிப்பிடத்துக்கான சில்லறையைப் பெண்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். கொடுக்கும்போது தயவுசெய்து புகைப்படம் எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தில் மனநலம் குன்றிய ஒருவர், காலில் புண்ணோடு, தனக்குத்தானே பேசியபடி கிடக்கிறார். யாரிடம் சொல்வது?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: புண்ணுக்காக 108ஐ உடனே அழையுங்கள். அதோடு காவல் நிலையத்திலும் தெரிவியுங்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100ஆவது பிரிவுப்படி, இப்படி அலைபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்காகக் கொண்டு செல்வது காவல்துறையின் கடமை. லாக்கப்பில் அடைக்கக் கூடாது. தயக்கம் காட்டினால் இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் மனுக் கொடுங்கள். அவரைப் பிடித்து வைத்து முடிவெட்டிக் குளிப்பாட்டிக் காணொளி எடுப்பவர்களைத் தடுங்கள். அச்சுறுத்தப்பட்டவர் அடுத்து வரும் மருத்துவரையும் நம்ப மாட்டார். எப்போதிலிருந்து அங்கே இருக்கிறார், எந்த மொழியில் பேசுகிறார், எந்த ஊர்ப் பெயர்களைச் சொல்கிறார் என்று குறித்து மருத்துவரிடம் கொடுங்கள். குடும்பத்தைத் தேடுவோருக்குப் பெரும்பாலும் அதுதான் முதல் தடயம்.