ட்ராஃப்டில் முதல் சில இடங்களுக்குள் வாய்ப்பு வந்தால், டிஃபென்ஸில் எந்த ஆளை எடுக்க வேண்டும்?

கேள்வி அமெரிக்கக் கால்பந்தைப் பற்றியது, அதாவது என்.எஃப்.எல். ட்ராஃப்ட். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: ஐ.பி.எல். ஏலம் போல இங்கே காசைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. போன சீசனில் கடைசியில் வந்த அணிதான் கல்லூரி ஆட்டக்காரர்களில் முதல் ஆளைக் கேட்கும். அதனால் ஐந்து இடங்களுக்குள் வாய்ப்பு வந்திருக்கிறது என்றால், அந்த அணி ஏற்கெனவே அடி வாங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம்.

என் பதில்: எதிரணியில் பந்தெறியும் குவார்ட்டர்பேக்கை நிம்மதியாகப் பந்தெறிய விடாத ஆளை எடுங்கள். அதிலும் ஓரத்தில் சுற்றி வரும் எட்ஜ் ரஷரைவிட, நடுவில் முட்டித் தள்ளிக்கொண்டு வரும் டிஃபென்சிவ் டாக்கிள் கிடைத்தால் இரண்டாவது யோசனையே வேண்டாம். என் மச்சான் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் கார்னர்பேக் கட்சி; பந்து பிடிக்க ஓடும் ரிசீவரை ஒட்டியே நிற்பவர்தான் கார்னர்பேக். ஏப்ரல் மாதம் வந்தாலே எங்கள் இருவருக்கும் இதே சண்டைதான்.

ஏன் நடு என்கிறேன்? பந்து கைக்கு வந்ததும் குவார்ட்டர்பேக் சில அடி பின்வாங்குவார். அவருக்கு முன்னால் ஐந்து தடியர்கள் அரைவட்டமாக மதில் கட்டி நிற்பார்கள். ஓரத்திலிருந்து ஒருவர் எவ்வளவு வேகமாகச் சுற்றி வந்தாலும், குவார்ட்டர்பேக் இரண்டடி முன்னால் நகர்ந்துவிட்டால் வந்தவர் முதுகுக்குப் பின்னால் ஓடிப் போய்விடுவார். நடுவில் ஆள் உடைத்துக்கொண்டு வந்தால் அந்த இரண்டடி கிடையாது. காலை ஊன்றவும் இடமில்லை, கையை முழுசாக வீசவும் இடமில்லை.

2022 பிப்ரவரி சூப்பர் பவுல் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தைப் பாருங்கள். ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. பந்தைத் தக்கவைத்துக்கொள்ள பெங்கால்ஸுக்கு ஒரே ஒரு கெஜம் வேண்டும், கையில் இரண்டு வாய்ப்பு. முதலில் சமாஜே பெரைனிடம் பந்தைக் கொடுத்து ஓடவிட்டார்கள். ஆரன் டொனால்ட் அவரைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டார். அடுத்ததில் ஜோ பர்ரோ பந்தோடு நிமிர்வதற்குள் அதே டொனால்ட் தன்னைத் தடுத்தவரைத் தாண்டி வந்து இடுப்பைப் பிடித்துச் சுழற்றுகிறார். பர்ரோ சுழன்றபடியே பந்தை விட்டெறிய, அது யாருக்கும் பயன்படாமல் தரையில் விழுந்தது. அத்தோடு கோப்பை ராம்ஸுக்கு. அந்த இடத்தில் உலகத்திலேயே சிறந்த கார்னர்பேக் நின்றிருந்தாலும் அவருக்கு அங்கே வேலை இருந்திருக்காது.

இந்த டொனால்ட் 2014 ட்ராஃப்டில் போனது 13-ஆவது இடத்தில். கல்லூரிக் கடைசி சீசனில் 11 சாக் (குவார்ட்டர்பேக் பந்தை எறியுமுன் அவரைச் சாய்ப்பது), டிஃபென்ஸுக்கான பெரிய விருதுகளை வாரிக் குவித்தவர். பிறகு ஏன் அத்தனை அணிகள் தாண்டிப் போயின? ஆறடிக்குக் கொஞ்சம்தான் மேலே. அந்த இடத்துக்கு உயரமும் உடம்பும் போதாது என்றார்கள். இதில் வேடிக்கை, ராம்ஸுக்கு அந்த வருடம் 2-ஆவது தேர்வும் இருந்தது. அதில் அவர்கள் எடுத்தது கிரெக் ராபின்சன் என்ற அஃபென்ஸ் ஆளை. 2017-இல் அவரை வேறு அணிக்குத் தள்ளிவிட்டார்கள். டொனால்டைக் கண்டெடுத்ததாகப் பெயர் வாங்கிய அணியே முதலில் அவரைத் தாண்டிப் போயிருக்கிறது!

அந்த வருடம் முதல் ஆள் ஜாடவியன் கிளவுனி. 2013 புத்தாண்டு அன்று மிச்சிகன் அணியின் வின்சென்ட் ஸ்மித்தை அவர் மோதியதில் ஹெல்மெட் ஒரு பக்கம் பறந்தது, பந்து ஒரு பக்கம் விழுந்தது. பந்தை இவரே எடுத்துக்கொண்டார். அந்த ஒரு மோதலைத்தான் டிவியில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். அடுத்த கல்லூரி சீசனில் அவர் எடுத்தது வெறும் 3 சாக் என்பது யார் கண்ணிலும் படவில்லை. மோசமான ஆட்டக்காரர் இல்லை, சீசனின் சிறந்தவர்களுக்கான ப்ரோ பவுலுக்கு மூன்று முறை போனவர். ஆனால் வருடத்தின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருது 13-ஆவதாகப் போன டொனால்டுக்கு மூன்று முறையும், 5-ஆவதாகப் போன கலீல் மேக்குக்கு ஒரு முறையும் கிடைத்தது.

ட்ராஃப்டுக்கு முன்னால் கம்பைன் என்று ஒன்று நடக்கும். மாப்பிள்ளை பார்க்கும் படலம் மாதிரி உயரம், எடை, கை நீளம், 40 கெஜ ஓட்டம் எல்லாம் அளப்பார்கள். 2022-இல் ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் இந்த அளவுகளில் மயங்கி டிரவான் வாக்கரை முதலாவதாக எடுத்தது என்பது என் அபிப்பிராயம். அவர் கை 35.5 அங்குலம்; 272 பவுண்டு உடம்போடு 40 கெஜத்தை 4.51 விநாடியில் ஓடினார். அடுத்ததாக டெட்ராய்ட் லயன்ஸ் எடுத்த ஏடன் ஹட்சின்சனுக்குக் கை மூன்று அங்குலத்துக்கு மேல் குறைவு. ஆனால் மிச்சிகனில் ஒரே சீசனில் 14 சாக் எடுத்தவர். வாக்கருடையது 6. முதல் தொழில்முறை சீசனில் ஹட்சின்சன் 9.5 சாக், கூடவே மூன்று இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பிடித்துவிடுவது); வாக்கர் 3.5 சாக். நியாயமாகச் சொன்னால், வாக்கர் ஆடிய ஜார்ஜியா அணியிலிருந்து அந்த முதல் சுற்றில் மட்டும் டிஃபென்ஸ்காரர்கள் ஐந்து பேர் போனார்கள். அத்தனை பேருக்கு நடுவில் சாக்கைப் பங்கு போட்டுக்கொள்ளத்தான் வேண்டும். 2023-இல் அவரும் 10 சாக் எடுத்தார். இருந்தாலும் முதலாவது இடத்தில் நான் ஏற்கெனவே செய்து காட்டியவரைத்தான் எடுப்பேன்.

மச்சானின் வாதமும் லேசானதில்லை. "இப்பல்லாம் பந்து ரெண்டரை செகண்ட்ல கையை விட்டுப் போயிடுது, உங்க ஆள் வந்து சேர்றதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடும். ரிசீவரை ஒட்டி நின்னு குவார்ட்டர்பேக்கை யோசிக்க வைக்கிறவன்தான் வேணும்" என்பார். அவருடைய சாட்சி சாஸ் கார்ட்னர். 2022-இல் ஜெட்ஸ் 4-ஆவதாக எடுத்தது, முதல் வருடமே ஆல்-ப்ரோ, அதாவது சீசனின் சிறந்தவர்கள் பட்டியலில் இடம். என் சாட்சி ஜெஃப் ஒகூடா. 2020-இல் லயன்ஸ் 3-ஆவதாக எடுத்தது, அடுத்த வருடம் குதிகால் தசைநார் அறுந்தது, 2023-இல் ஒரு ஐந்தாம் சுற்றுத் தேர்வுக்கு அட்லாண்டாவுக்குக் கைமாறினார். காயம் யாருக்கும் வரும்தான். ஆனால் கார்னரைச் சமாளிக்க எதிரணிக்கு ஒரு சுலப வழி உண்டு: அவர் பக்கம் பந்தே எறியாமல் விட்டுவிடலாம். நடுவில் நிற்பவரை அப்படி ஒதுக்க முடியாது, ஒவ்வொரு முறையும் ஆட்டம் அவர் முன்னால்தான் தொடங்குகிறது.

பணக் கணக்கு ஒன்றும் உண்டு. முதல் சுற்றில் எடுத்தவரின் நான்கு வருடச் சம்பளம், எத்தனையாவதாக எடுத்தார்கள் என்பதை வைத்துத்தான். எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதை வைத்து இல்லை. வெளிச்சந்தையில் நிலைமை வேறு. 2025-இல் எட்ஜ் ரஷர் மைக்கா பார்சன்ஸுக்கு கிரீன் பே அணி வருடத்துக்குச் சராசரியாக 4.7 கோடி டாலர் ஒப்புக்கொண்டது; அதே வருடம் சேஃப்டி, அதாவது கடைசியில் பின்னால் காவல் நிற்கும் இடத்தில் ஆடும் கைல் ஹாமில்டனுக்குக் கிடைத்தது ஏறக்குறைய அதில் பாதி. சேஃப்டி, நடு லைன்பேக்கர் பக்கமெல்லாம் முதல் ஐந்தில் நான் திரும்பியே பார்க்க மாட்டேன்.

கடைசியாக மச்சான் எடுத்துப் போட்டது 2025 பிப்ரவரி சூப்பர் பவுல். ஈகிள்ஸ் ஒரு முறைகூட பிளிட்ஸ் செய்யாமல், அதாவது வழக்கமான நான்கு பேருக்கு மேல் ஆளை அனுப்பாமல், எதிரணிக் குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தது. அதில் இரண்டு சாக் எடுத்த மில்டன் வில்லியம்ஸ் மூன்றாம் சுற்று ஆள். "நடு ஆளை மூணாம் சுற்றுலயே வாங்கிக்கலாமே" என்றார். ஆனால் வில்லியம்ஸுக்கு ஒற்றைக்கு ஒற்றை வாய்ப்பு கிடைத்ததே பக்கத்தில் ஜாலன் கார்ட்டர் இரண்டு பேரை இழுத்து வைத்துக்கொண்டிருந்ததால்தான். கார்ட்டர் 2023-இல் 9-ஆவது தேர்வு. அதே அணியின் கார்னர்கள் க்வின்யான் மிட்செல் 22-ஆவதாகவும், அந்த ஆட்டத்தில் இன்டர்செப்ஷனை டச்டவுனாக்கிய கூப்பர் டிஜீன் 40-ஆவதாகவும் வந்தவர்கள். 22 வரை காத்திருந்தால் கார்னர் கிடைப்பார், கார்ட்டர் கிடைக்க மாட்டார்.